கிங்ஸ்டனிலிருந்து ஹாம்ப்டன் கோர்ட் வரை: தேம்ஸ் கரையில் நான் வழக்கமாக நடக்கும் பாதை

லண்டனின் தென்மேற்கில், கிங்ஸ்டன் பாலத்திலிருந்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வரைக்கும் ஆற்றை ஒட்டியே ஒரு பாதை போகிறது. பார்ஜ் வாக் என்று பெயர். ஏறக்குறைய 5 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம். இந்தப் பக்கம் குடிவந்ததிலிருந்து எல்லாப் பருவத்திலும் இதில் நடந்து வருகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் ஹாம்ப்டன் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கி, நேராக உள்ளே போய், எட்டாம் ஹென்றியின் சமையலறையைப் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், நியூ மால்டன், டோல்வொர்த் பக்கமே வசித்தும் இந்தக் கரைக்கு வராத நம்மவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் திசை. கிங்ஸ்டனில் தொடங்கி அரண்மனையில் முடியுங்கள். எதிர்த்திசையில் நடந்தால், பார்க்க வேண்டியதையெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு மீதித் தூரத்தைச் சும்மா கடக்க வேண்டியிருக்கும். அரண்மனைப் பூங்காவை ஆறு வளைத்துக்கொண்டு ஓடுவதால், கிங்ஸ்டன் பக்கமிருந்து வரும்போது கடைசிக் கட்டம் வரை அரண்மனை கண்ணில் படாது. கழிப்பறை, டீ, சாப்பாடு எல்லாமே இரண்டு முனைகளிலும்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கிங்ஸ்டனிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

கிங்ஸ்டன் ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக வந்து பாலத்தைத் தாண்டினால் ஹாம்ப்டன் விக். அங்கே இடதுபுறம் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடலாம். இப்போதுள்ள கல்பாலம் 1828-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மரப்பாலம் இருந்தது. 1729-ல் பட்னியில் பாலம் வரும்வரை, லண்டன் பாலத்தை விட்டால் ஆற்றின் மேல்பக்கம் அடுத்த பாலம் கிங்ஸ்டனில்தான். ஊர் வளர்ந்ததற்குக் காரணம் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

முதல் பாதியில் பாதையின் வலதுபுறம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரண்மனையின் ஹோம் பார்க் அங்கேதான் இருக்கிறது, ஆனால் வேலியும் மரங்களும் மறைத்துவிடும். பூங்காவின் பெயரை நம்பி வந்த சிலர் இந்த இடத்தில் சலித்துத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே பார்க்க வேண்டியது இடதுபுறம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். என்னைக் கேட்டால் இந்த நடையில் அரண்மனைக்குச் சமமான இடம் எதிர்க்கரையில் இருக்கும் பழைய நீரேற்று நிலையம்தான்.

சர்பிட்டன் பக்கத்துக் கரையில் சீத்திங் வெல்ஸ் என்று ஓரிடம். கட்டடம் பெரிய அழகில்லை. தெரியாதவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் லண்டனைக் காலரா திரும்பத் திரும்பத் தாக்கியது. தென் லண்டனுக்குத் தண்ணீர் விற்ற கம்பெனிகளில் லாம்பெத் கம்பெனி, தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852-ல் நகரத்துக்குள்ளிருந்து இங்கே மாற்றிக்கொண்டது. சவுத்வர்க் அண்டு வாக்ஸ்ஹால் கம்பெனி பேட்டர்சீயிலேயே, நகரத்துச் சாக்கடை கலந்த ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. தென் லண்டனின் பெரும் பகுதியில் இரண்டு கம்பெனிகளின் குழாயும் ஒரே தெருவில் ஓடின. இந்த வீட்டுக்கு ஒரு தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு வேறு தண்ணீர். 1854-ல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வந்தது என்று வீடுவீடாக விசாரிக்க வைத்துக் கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரங்களில், சவுத்வர்க் அண்டு வாக்ஸ்ஹால் தண்ணீர் குடித்த இடங்களில் 10,000 வீட்டுக்கு 315 பேர் இறந்திருந்தார்கள். லாம்பெத் தண்ணீர் குடித்த இடங்களில் 37 பேர். காலரா காற்றில் பரவுகிறது என்று பெரிய மருத்துவர்களெல்லாம் நம்பிய காலம் அது. தண்ணீரில்தான் பரவுகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான கணக்கு அதுவரை யாரிடமும் இல்லை.

இந்த இடம் ஏன் நல்ல தண்ணீர் தந்தது என்பதும் நடக்கும்போதே விளங்கும். கடலின் ஏற்ற இறக்கம் தேம்ஸில் டெடிங்டன் மதகு வரைதான் வரும். கிங்ஸ்டன் அதற்கு மேலே இருக்கிறது. நகரத்தின் அழுக்கு அலையோடு ஏறி வந்தாலும் இங்கே எட்டாது. அதனால்தான் லண்டன் நடுவில் பார்ப்பது போல இங்கே ஆறு வற்றிச் சேறு தெரிவதில்லை; கோடையில் நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகப் போகும்.

அரண்மனைக்காரர்களும் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் டியூடர் வம்சம் ஆண்ட காலத்திலேயே கிங்ஸ்டனுக்குக் கிழக்கே கூம் மேட்டு ஊற்றுகளிலிருந்து ஈயக் குழாய் பதித்து, தேம்ஸுக்கு அடியிலேயே அதைக் கடக்க வைத்து, சுமார் 3 மைல் தூரம் அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் முதலாம் சார்லஸ் காலத்தில், 1630-களின் கடைசியில், பூங்காவின் குளங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் என்றே கோன் ஆற்றிலிருந்து 19 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். லாங்ஃபோர்ட் ஆறு என்று சொல்லப்படும் அந்தக் கால்வாய் இன்றும் ஓடுகிறது. வாசலிலேயே இவ்வளவு பெரிய ஆறு இருக்க, தண்ணீரை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த உழைப்பை நினைத்துக்கொண்டு நடந்தால் இந்தப் பாதை வேறு மாதிரி தெரியும்.

கிளிகளைச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பனைமரப் பொந்திலும் கோயில் கோபுரத்திலும் குடியிருக்கும் அதே பச்சைக்கிளி, ஆணுக்குக் கழுத்தில் செந்நிற வளையத்தோடு, இங்கே கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. கூண்டிலிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகியவை. பனிக்காலத்திலும் போவதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, இலையில்லாத மரத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் குளிராதாடா?" என்று கேட்டு அந்த மரத்தடியை விட்டு வரவே மாட்டேன் என்றார். நீர்க்காகம், நாரை, அன்னம் எல்லாம் வருடம் முழுக்க உண்டு.

மான் பார்க்க ஆசையென்றால் ஹாம்ப்டன் விக் வாசல் வழியாக ஹோம் பார்க்குக்குள் போய் நடங்கள். ஹென்றி காலத்து மந்தையின் வழிவந்தவை என்று சொல்லப்படும் ஃபாலோ மான்கள் சுமார் 300 அங்கே இருக்கின்றன. அக்டோபரில் ஆண் மான்கள் மோதும் காலம், ஜூனில் குட்டி ஈனும் காலம். இரண்டிலும் 50 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்க அருகே அனுப்பாதீர்கள். அரசர் மூன்றாம் வில்லியம் 1702-ல் குதிரையிலிருந்து விழுந்து காறையெலும்பு முறிந்ததும் இந்தப் பூங்காவில்தான் என்பார்கள்; அடுத்த இரண்டு வாரத்தில் இறந்துபோனார். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கும், முதல் உலகப் போர் முடிந்து 1919-லும் வந்த இந்தியப் படைவீரர்கள் இந்த அரண்மனைப் பூங்காவில்தான் கூடாரமடித்துத் தங்கினார்கள். அந்தப் புல்வெளியில் நடக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு எனக்கு வரும்.

பாதையின் தரம்: சரளைக்கல்லும் மண்ணும். மே முதல் செப்டம்பர் வரை குழந்தை வண்டி தாராளமாகப் போகும். மழைக்காலத்தில் நடுநடுவே குட்டை தேங்கும், சாதாரண ஷூ வீணாகிவிடும். சைக்கிள்களுக்கும் இதே பாதைதான். வார இறுதியில் பின்னாலிருந்து வேகமாக வருவார்கள், வயதானவர்களை ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். விளக்கு இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்காதீர்கள். எனக்குப் பிடித்தது ஏப்ரல் கடைசியும் அக்டோபர் நடுவும். ஆகஸ்ட் ஞாயிறுகளில் கூட்டம் அதிகம், நான் தவிர்த்துவிடுவேன்.

தேம்ஸ் டிட்டன் தீவின் வீடுகளைத் தாண்டியதும் மரங்கள் விலகும். அரண்மனை தெரியத் தொடங்கும். ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் உல்சி 1514-ல் குத்தகைக்கு எடுத்துக் கட்டத் தொடங்கி, பிறகு ஹென்றியிடம் கொடுக்க வேண்டி வந்த அரண்மனை இது. அன்று லண்டனிலிருந்து வர நல்ல சாலை ஆறுதான். அரசரும் தூதர்களும் படகில்தான் வந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து முதலில் தெரிவது ஹென்றியின் கோபுரங்கள் அல்ல, மூன்றாம் வில்லியமும் அவர் மனைவி அரசி மேரியும் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னைக் கொண்டு கட்டிய தெற்கு முகப்பு. அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் அரசரின் தனித் தோட்டம். தோட்டத்தின் ஆற்றோர எல்லையில் ழான் டிஜூ என்ற பிரெஞ்சுக் கொல்லர் செய்த 12 இரும்புத் தட்டிகள் நிற்கின்றன. இரும்பைக் காய்ச்சி அடித்து, ரோஜாவும் முட்செடியும் யாழும் இலைக்கொடியும் செய்திருக்கிறார். பாதையில் நின்றபடி, காசு கொடுக்காமல், கம்பிகளின் ஊடே முழுத் தோட்டத்தையும் முகப்பையும் பார்க்கலாம். பகல் பன்னிரண்டை ஒட்டி வந்தால் செங்கல் சுவரில் வெயில் முழுதாக விழும். தோட்டம் 1702-ல் இருந்த வடிவத்துக்கே 1995-ல் மீட்கப்பட்டது. அதற்காக, காலப்போக்கில் காடாக வளர்ந்திருந்த மரங்களை எடுத்தார்கள். அன்று எதிர்ப்பு இருந்தது, ஆனால் முகப்பு ஆற்றுக்குத் தெரிய வேண்டும் என்றால் வேறு வழியில்லை என்பதே என் எண்ணம்.

டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்கள் 1768-ல் நட்ட பெரிய திராட்சைக் கொடியை விட்டுவிடாதீர்கள். இன்றும் காய்க்கிறது.

திரும்பும் முன் சாலையைக் கடந்து ஹாம்ப்டன் கோர்ட் கிரீன் பக்கம் போய் ஃபாரடே ஹவுஸைப் பாருங்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1867-ல் இறந்த வீடு. பிறகு, பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா அங்கே குடியிருந்தார். விக்டோரியா அரசியின் தயவில் கிடைத்த வீடு. அந்த வீட்டில் இருந்துகொண்டே, 1913-ல் இதே அரண்மனை வாசலில் நின்று பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் பத்திரிகையை விற்றார். வீட்டின் சுவரில் அவருக்கு நீல நினைவுப் பலகை இருக்கிறது. அங்கிருந்து கிங்ஸ்டனுக்குத் திரும்ப 111, 216, 411 மூன்று பஸ்ஸும் வரும். காரைக் கிங்ஸ்டனில் விட்டு வந்தவர்கள் அதே பாதையில் திரும்பி நடக்க வேண்டியதில்லை.