கணக்கு வேலைக்கு ஒரு பாவித்த திங்க்பேட்: லெனோவோ டி480

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சில சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை, காலி வீதியில் ஒரு மருந்துக்கடை, கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடை, இப்படி. பகலில் இந்த வேலைக்கும் இரவில் மகளின் ஆன்லைன் வகுப்புக்கும் வீட்டில் ஒரே லப்டொப்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்ததாக வாங்கிய லெனோவோ திங்க்பேட் டி480 அது. ஒரு வரி ஆண்டு முழுவதையும் இதிலேயே ஓட்டிவிட்டேன். ஒரு லட்சம் ரூபாவுக்குள் கடைக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆனால் வடிவாகச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

என் வேலை பாரமானது இல்லை. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். எக்செலில் மூன்று நான்கு கோப்புகள், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையப் பக்கம், வங்கிப் பக்கம், கடைக்காரர்கள் பில்களைப் படமெடுத்து அனுப்பும் வட்ஸ்அப். நவம்பர் 30 வருமான வரி அறிக்கைக்குக் கடைசி நாள். அந்த வாரத்தில் மெஷின் ஒரு தரம் உறைந்து நின்றாலே வேலை குழம்பிவிடும். இப்படிப்பட்ட வேலைக்கு முதலில் தேவைப்படுவது மெமரி, அதாவது ரேம். ப்ரோசசரின் வேகம் அதற்குப் பிறகுதான்.

புதுசாக வாங்குவதென்றால் என்ன கிடைக்கும் என்று முதலில் பார்த்தேன். ஆக மலிவானவை செலரோன் ப்ரோசசரும் 4 ஜிபி ரேமும் இஎம்எம்சி என்ற வேகம் குறைந்த வகையில் 64 ஜிபி சேமிப்பும் கொண்டவை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் சொல்லும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அப்படியென்றால் இந்த மெஷினில் விண்டோஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நமக்கென்று மிஞ்சுவது கொஞ்சம்தான். வேலைக்கு இதை வாங்க வேண்டாம். பிள்ளைக்குக்கூட வேண்டாம்.

அதற்கு அடுத்த விலையில் கடைத் தம்பி ஒருவர், "அக்கா, இது ரைசன் 5, எட்டு ஜிபி, புது மொடல்" என்று எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது பொய் இல்லை. ரைசன் 5 7520யூ என்ற அந்த ப்ரோசசர் 2022இல்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், 2 என்று இருக்கிறது. உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு என்பதை அந்த இலக்கம்தான் சொல்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எக்செலுக்கு அது போதும். என்னைத் தடுத்தது வேறு. இந்த ப்ரோசசரோடு வரும் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். எட்டு ஜிபி வாங்கினால் கடைசிவரை எட்டுத்தான். மூன்று வருடம் கழித்துப் போதாமல் போனால் முழு மெஷினையும் மாற்ற வேண்டும்.

புதுசுதான் வேண்டும் என்பவர்களுக்கு என் தேர்வு இன்டெல் ஐ3-1215யூ. பெயரில் ஐ3 என்றாலும் ஆறு கோர்கள் (ப்ரோசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), அன்றாட வேலைக்குத் தாராளம். இதோடு வரும் பல மொடல்களில் ரேம் கூட்ட ஒரு ஸ்லொட்டாவது இருக்கும். காசு கொடுக்கும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். எனக்குச் சொன்ன விலைகள் ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தன. விலை கேட்கும்போது 18 வீத வற் சேர்த்தா சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

அந்தப் பணம் என்னிடம் இருக்கவில்லை. அப்புறம்தான் பாவித்த மெஷின்கள் பக்கம் வந்தேன். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"ஐ7" என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். ஐ7-4600யூ என்றால் நான்காம் தலைமுறை, 2013ஆம் ஆண்டுச் சரக்கு. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, 2017. அந்தப் பழைய ஐ7இல் இரண்டு கோர்கள், இந்த ஐ5இல் நான்கு. ஏழாம் தலைமுறை வரைக்கும் மெல்லிய லப்டொப்களில் வந்த ஐ5களுக்கு இரண்டு கோர்தான். எட்டில்தான் அது நான்கானது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பட்டியலும் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. அடுத்தவர்களின் வங்கிக் கணக்கும் வரி விபரமும் வைத்திருக்கும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை ஓட்டுவதை நான் சரியென்று நினைக்கவில்லை. எட்டுக்குக் கீழே இருப்பதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

டி480 பெரும்பாலும் இந்த எட்டாம் தலைமுறை ப்ரோசசரோடு 2018இல் பெரிய கம்பனிகளுக்காக விற்கப்பட்ட மெஷின். அந்தக் கம்பனிகள் மாற்றும்போது இவை தொகையாகக் கைமாறி வருகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்தது கீபோர்ட். ஆழமாக அமுங்கும், நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் நோகாது. இரண்டு ரேம் ஸ்லொட் இருக்கிறது. எட்டு ஜிபியோடு வாங்கி, பிறகு கையில் காசு வந்தபோது இன்னொரு எட்டைப் போட்டுக்கொண்டேன். பில் படங்கள் நிறையத் திறந்திருந்தாலும் இப்போது திணறுவதில்லை. வைஃபை சரியில்லாத கடையில் ரூட்டரிலிருந்து நேரே வயர் செருகவும் இடம் உண்டு. இப்போதைய மெல்லிய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை.

பெற்றரி இரண்டு. ஒன்று உள்ளே, மற்றது வெளியே கழற்றக்கூடியது. மெஷினை நிறுத்தாமலே வெளிப்பெற்றரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. கரண்ட் போகும்போது வேலை நிற்காது என்ற நிம்மதி எனக்குப் பெரிய விஷயம்.

கடையில் சோதிக்க வேண்டியவை சில. மெஷினை ஓன் பண்ணும்போதே எஃப்1ஐ அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷின் வேண்டாம், பழைய கம்பனி போட்ட பூட்டு அது, கழற்றுவது பெரும்பாடு. பிறகு விண்டோஸின் பெற்றரி அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்பக் கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்கும் கீழே போயிருந்தால் வேறு பெற்றரி போட்டுத் தரக் கேளுங்கள், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். யூஎஸ்பி சி துளைகள் இரண்டிலும் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது கட்டாயம். அவற்றில் ஒன்று தண்டர்போல்ட் என்ற கூடிய வேகமுள்ள துளை, அதற்கு லெனோவோ தனியாக ஒரு ஃபர்ம்வெயார் (துளையை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட மெஷின்களில் அந்தத் துளை வேலை செய்யாமல் போவதுண்டு. திரை 1920 × 1080 தானா என்றும் பாருங்கள். குறைந்த தெளிவுள்ள 1366 × 768 திரையோடும் டி480 வந்திருக்கிறது, அதில் எக்செல் நெடுவரிசைகள் குறைவாகத்தான் தெரியும். விண்டோஸுக்குச் சரியான உரிமம் இருக்கிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கடையில் இவ்வளவையும் செய்ய விடவில்லை. "வாரண்டி இருக்குத்தானே அக்கா" என்றார்கள். எழுந்து அடுத்த கடைக்குப் போனேன். அங்கே பொறுமையாக எல்லாம் காட்டினார்கள், வாரண்டிக் காலத்தையும் மெஷினின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதித் தந்தார்கள். அந்த இரண்டும் இல்லாத பில்லை வாங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. திரை மங்கல், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் கண் உளையும். நிறங்களும் சரியாகத் தெரியாது. சேலை, பிளவுஸ் படங்களைப் பார்த்து நிறம் பொருத்துபவர்கள் இதை நம்ப வேண்டாம், அவர்கள் நிறங்களைச் சரியாகக் காட்டும் நல்ல திரைக்குத் தனியாகக் காசு ஒதுக்கத்தான் வேண்டும். கேமரா பழையது, மகளின் வகுப்பில் முகம் தெரியும், அவ்வளவுதான். வீடியோ எடிட் பண்ணுபவர்களுக்கு இது சரிவராது. பாவித்ததுக்குக் கிடைப்பது கடை வாரண்டி மட்டும்தான், அதுவும் மாதக் கணக்கில். விண்டோஸின் அடுத்த பதிப்பு வந்தால் எட்டாம் தலைமுறையை முதலில் கழித்துவிடவும் கூடும். அதனால் ஐந்தாறு வருடம் கை வைக்காமல் ஓட வேண்டும், தவணையில் கட்டவும் முடியும் என்பவர்கள் அந்த ஐ3-1215யூக்கே போகலாம்.

இன்னொன்று, கணக்கு வேலை செய்பவர்களுக்காகவே சொல்கிறேன். டி480 14 அங்குல மெஷின், வலது பக்கத்தில் தனி எண் விசைகள் கிடையாது. வரிசை வரிசையாகத் தொகை அடிக்கும்போது அது பெரிய இடைஞ்சல். யூஎஸ்பியில் செருகும் எண் விசைப்பலகை ஒன்றைச் சில ஆயிரம் ரூபாவுக்கு அன்றைக்கே சேர்த்து வாங்கிவிடுங்கள்.