மாதச் சாமானா, வாரச் சாமானா?

மூன்று பேர் கொண்ட குடும்பம் அளவான வருமானத்தில் மளிகை வாங்கும்போது, எந்தக் கடையில் விலை குறைவு என்று அலைவதைக் காட்டிலும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குவது என்று தீர்மானிப்பதில்தான் பணம் கூடுதலாக மிஞ்சுகிறது என்பது என் கணிப்பு.

மாதத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குவோருக்குப் பெரிய பொட்டலத்தின் விலைச் சலுகை கிடைக்கிறது; கடைக்குப் போகும் தடவைகள் குறைவதால், பட்டியலில் இல்லாத பொருள்கள் கூடையில் ஏறுவதும் குறைகிறது. ஆனால் அந்தச் சலுகை, வாங்கியதை முழுவதும் உண்டு தீர்ப்பவருக்கே உரியது. 5 கிலோ மாவுப் பை, சிறிய பையைவிடக் கிலோவுக்கு 15 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் 750 கிராம் வண்டு விழுந்து கொட்டப்பட்டால், மிச்சம் பிடித்தது அத்தனையும் அதோடு போயிற்று. நானும் ஒருமுறை நான்காவது வாரத்தில் டப்பாவைத் திறந்து, சலித்துப் பார்த்து, மனமில்லாமல் கொட்டியிருக்கிறேன். முழுத் தானியத்தையும் பருப்பையும் ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அரைத்த மாவிலோ கொழுப்பு காற்றோடு கலந்து விரைவில் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயும் அப்படித்தான்; திறந்த பெரிய டின் அடுப்பருகே நிற்க நிற்கக் கெடுகிறது.

வாராவாரம் வாங்குவதில் கிலோ விலை சற்றுக் கூடுதல்தான் என்றாலும், வீட்டில் மீந்திருப்பதைப் பார்த்துப் பட்டியலைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு நான்கு தடவை கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான சுமார் 105 கோடி டன் உணவில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்பதை நினைத்தால், இந்த வாய்ப்பின் மதிப்பு விளங்கும். வாராந்திர முறையின் பலவீனம், அடிக்கடி சலுகைப் பலகையின் எதிரில் நிற்க நேர்வது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றும் தேவைப்படுபவருக்கு மூன்றில் ஒரு பங்குத் தள்ளுபடி. ஒன்று மட்டும் தேவைப்படுபவருக்கோ இரட்டிப்புச் செலவு. எடையையும் பார்க்க வேண்டும்: அதே விலையில் 500 கிராம் பொட்டலம் 450 கிராமாகச் சுருங்கினால், விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்றே பொருள்.

அன்றாடம் சில்லறையாக வாங்குவது, அன்றன்று கூலி பெறுவோருக்குத் தெரிவு அல்ல, நிர்ப்பந்தம். அதை மற்ற இரண்டோடும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

சிறு குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது கலப்பு முறையை. தானியம், பருப்பு, உப்பு, சோப்பு ஆகியவை மாதத்துக்கு ஒருமுறை. காய், பழம், பால், மாவு ஆகியவை வாரத்துக்கு ஒருமுறை. வாரச் செலவுக்கான பணத்தை மாதத் தொடக்கத்திலேயே நான்கு உறைகளில் பிரித்து வைக்காவிட்டால், மாதச் சாமானே அதையும் விழுங்கிவிடும். எந்த அளவுப் பொட்டலம் வாங்குவது என்ற குழப்பத்துக்கு, திறந்த தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதி வைப்பது போதும். இரண்டு மாதம் எழுதினால், ஒரு லிட்டர் எண்ணெய் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது தெரிந்துவிடும்.