சோனி பிஎக்ஸ்470 ரெக்கார்டரும் பேசாத நடிகரும்

நாடகக்காரர் ஒருவரைப் பேட்டி எடுக்கவென்றே இந்தக் குரல் பதிவுக் கருவியை வாங்கினேன். அவர் பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. முப்பது வருஷமாக மேடை, இடையிடையே சினிமாவில் அப்பா வேஷம். பேட்டி என்றால் நழுவிவிடுவார். ஆஸ்கர் வாங்கக்கூட விழாவுக்குப் போகாத ஆங்கில நடிகர் பால் ஸ்கோஃபீல்டு ரகம்.

போனிலேயே பதியலாமே என்று கேட்பீர்கள். மேஜைமேல் போன் இருந்தால் பேசுகிறவர் கண் அதிலேயே நிற்கும். நடுவில் யாராவது கூப்பிடவும் செய்வார்கள். இது ஒரு சின்ன கறுப்புத் துண்டு. ஐந்து நிமிஷத்தில் அவர் அதை மறந்துவிட்டார். ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டு போதும். உள்ளேயே 4 ஜிபி இடம். சுருக்காத எல்பிசிஎம் தரத்தில் பதிந்தாலும் சுமார் 5 மணி நேரம் கொள்ளும். யுஎஸ்பி முனையும் அதிலேயே இருப்பதால் கேபிள் தேட வேண்டாம்.

இனி நான் செய்த முட்டாள்தனம். மெனுவில் விஓஆர் என்று ஒன்று உண்டு. சத்தம் வந்தால் பதியும், அடங்கினால் பதிவை நிறுத்திவைக்கும். இடம் மிச்சமாகுமே என்று அதைப் போட்டுவிட்டேன். திருவான்மியூரில் அவர் வீடு, மாடி அறை. பதிவுக்காக அவரே எழுந்து ஃபேனை அணைத்தார். என் கடிகாரப்படி 50 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதிவு 31 நிமிடம்தான்!

காணாமல் போனதெல்லாம் அவர் பேசாமல் இருந்த நேரம். மேடையில் வசனம் மறந்த நாளைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஜன்னல் கம்பியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து, மூடி, அப்புறம்தான் "காபி சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். பதிவிலோ என் கேள்வி முடிந்த கையோடு காபி வந்துவிடுகிறது. கேட்கிறவர்களுக்கு மனுஷர் என் பேச்சை வெட்டிவிட்டதாகத்தான் தோன்றும்.

ஆகவே, அதிகம் பேசாதவர்களிடம் போகிறவர்கள் முதலில் விஓஆரை அணையுங்கள். பீப் ஒலியையும் அணைத்துவிடலாம். கேட்டு எழுதும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி பெரிய உதவி, அவர் வார்த்தைகளை முணுமுணுத்தே விழுங்குகிறவர். திரை எழுத்து பொடிசு, எனக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. ஆட்டோ சத்தத்துக்கு நடுவே, டீக்கடையில் வைத்துப் பேட்டி எடுக்கிறவர்கள் தனி மைக் வாங்கிச் செருகிக்கொள்வது நல்லது. அதற்குத் துளை இருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடி போனேன். அதே கேள்வியைக் கேட்டேன். இந்தப் பதிவில் நாற்காலி கிரீச்சிடுவதும், தெருவில் கீரை விற்கிறவர் குரல் வந்து தேய்வதும் முழுசாக இருக்கின்றன. அதற்குப் பிறகு அவர் பேசுகிறார். அந்த இடத்தில் டி-மார்க் பொத்தானை அழுத்தி அடையாளம் வைத்திருக்கிறேன்.