லண்டன் சுரங்க ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறுவது?

கீழக்கரையிலிருந்து தங்கச்சி மகன் படிப்புக்காக லண்டன் போகிறான். "மாமா, சுரங்க ரயிலை நம்பி இருக்கலாமா?" என்று கேட்டான். பல வருஷம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தேன். கட்டணம், வரைபடம் எல்லாம் அவன் போனிலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது நடைமேடையைப் பற்றித்தான்.

ஆழத்தில் ஓடும் பழைய தடங்களில் போக ஒரு குழாய்ச் சுரங்கம், வர ஒரு குழாய்ச் சுரங்கம். ரயில் ஓடும் குழாயின் விட்டம் சுமார் 12 அடி. நிலையம் வந்ததும் அது 21 அடி அளவுக்கு விரியும். நடைமேடை அதற்குள்ளேயே அடங்கிவிடும். சென்னை மெட்ரோவில் பல சுரங்க நிலையங்களில் நடுவில் ஒரே மேடை, திசை தப்பினால் திரும்பி நின்றால் போதும். லண்டனில் அடுத்த குழாய்க்கு நடக்க வேண்டும். அந்த நடைவழிகள் நம்மூர்ச் சந்துகளைப் போல, பழகியவனுக்கு மட்டுமே வழி சொல்லும்.

எனக்கு ஆறாத கோபம் வெளியேறும் வழியின் மேல். நான் தினம் இறங்கிய நிலையத்தில் அது மேடையின் ஒரு முனையில் மட்டும் இருந்தது. சாயங்காலம் மொத்தக் கூட்டமும் அந்த வாயில் நெரியும். அதற்குள் அடுத்த ரயிலும் வந்துவிடும். காரணம் தெரியாமல் இல்லை. மேலே இடம் கிடைத்த இடத்தில்தான் நிலையத்துக்கு இறங்கும் கிணறு தோண்டினார்கள். அடுத்தவர் கட்டடத்துக்குக் கீழே போனால் பணம் கொடுக்க வேண்டும் என்பதால் குழாயைத் தெருவுக்கு அடியிலேயே ஓட்டினார்கள். தெரு குறுகினால் இரண்டு குழாய்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். செயின்ட் பால்ஸ், சான்சரி லேன் நிலையங்கள் அப்படித்தான். அதற்காக நெரிசல் குறைந்துவிடுமா?

ஆனால் சரியான பெட்டியில் ஏறிவிட்டால் கதவு நேராக வழிக்கு எதிரே திறக்கும். அந்தச் சந்தோஷம் எனக்குக் கடைசிவரை சலிக்கவில்லை. அப்புறம், 1900-இல் திறந்த சென்ட்ரல் தடத்தில் ஒவ்வொரு நிலையத்தையும் ஒரு சின்ன மேட்டில் வைத்திருக்கிறார்கள். வரும் ரயில் மேடேறி வேகம் குறையும், கிளம்பும் ரயில் சரிவில் வேகம் பிடிக்கும். எவ்வளவு நல்ல யோசனை!

இத்தனையும் சொல்லிவிட்டு மருமகனிடம் சொன்னது இதுதான்: ஆழமான நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. கையில் பெட்டி இருக்கும் நாளில் நீ பஸ்ஸிலேயே போ.