பள்ளி லேபுக்கு அடல் மானியமா, சி.எஸ்.ஆர். நிதியா?

எங்கள் அரசு உதவி பெறும் பள்ளிக்கு இரண்டு வழியிலும் பணம் வந்திருக்கிறது. முதலில் ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி, அப்புறம் அடல் டிங்கரிங் லேப் மானியம், அதாவது பிள்ளைகள் மின்னணுக் கருவிகளைத் தாங்களே செய்து பழகும் லேபுக்கு மத்திய அரசு தரும் பணம். இன்று யார் கேட்டாலும் அடலுக்கே விண்ணப்பியுங்கள் என்பேன்.

கிடைப்பதற்குச் சுலபம் சி.எஸ்.ஆர்.தான். 2013 கம்பெனிச் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம்கூட முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் சேர்த்தி. அடலுக்கு மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கிடம் விண்ணப்பித்து, இடவசதி காட்டி, காத்திருக்க வேண்டும்.

ஆனால் லேப் திறந்த பிறகுதான் விஷயமே இருக்கிறது. எங்களுக்கு முதலில் சி.எஸ்.ஆர். நிதியில் வந்த கிட்டுகளுக்குத் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் தடபுடலாக நடந்தன. எட்டே மாதத்தில் ஜம்பர் வயர்கள் அறுந்தன, பேட்டரிகள் தீர்ந்தன, இரண்டு மோட்டார்கள் கருகின. சில ஆயிரம் ரூபாய்ச் சாமான்தான். நிறுவனத்திடம் கேட்டுப் பார்த்தோம், அந்த ஆண்டுப் பணத்தை வேறு பள்ளிக்கு ஒதுக்கிவிட்டார்களாம். "சார், இன்னிக்கும் லேப் இல்லையா?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்போது பீரோ பூட்டியே கிடந்தது. மிச்சமிருந்ததையும் உடைத்துவிடுவார்களோ என்று நானே பயந்து பூட்டியதுதான்.

அடல் மானியம் மொத்தம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் லேப் அமைக்க. மீதி 10 லட்சம், அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு அதை நடத்த. இந்த இரண்டாவது பத்து லட்சத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். 3டி பிரிண்டருக்கு ஃபிலமெண்ட் (அச்சிட உதவும் பிளாஸ்டிக் இழை) வாங்கலாம், கருகிய சென்சாரை மாற்றலாம். அதனால் பிள்ளைகளைத் தாராளமாகத் தொடவிடுகிறேன். உடைத்துப் பார்த்தால்தானே கற்றுக்கொள்வார்கள்.

கணக்கு வேலை அதிகம், அதை மறைக்க மாட்டேன். பணம் எப்படிச் செலவானது என்று ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணையை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பில்லையும் வாங்கிய அன்றே ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு இப்போது மூன்றாம் ஆண்டுதான் நடக்கிறது. ஐந்து ஆண்டு முடிந்த பின் லேப் எப்படி ஓடும் என்பதை அனுபவத்தில் சொல்ல என்னால் ஆகாது.

அடல் கிடைக்காத பள்ளிகள் சி.எஸ்.ஆரை விட்டுவிட வேண்டியதில்லை. பல ஆண்டுத் தொடர் திட்டமாகச் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே பராமரிப்புக்கென ஆண்டுத் தொகையை எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் அதைக் கேட்கத் தவறினோம்.