மழைக்காலத்துக்குத் தக்காளி ஜூஸ்: பாட்டிலா, ஃப்ரீசரா?

குளிர்காலத்துக்கென்று தக்காளி ஜூஸ் எடுத்து வைப்பது பனி கொட்டும் ஊர்களின் பழக்கம். கடலூரில் நமக்கு ஏது பனி? இங்கே அந்தத் தேவை வருவது அடைமழையில். ஐப்பசி, கார்த்திகையில் பழம் செடியிலேயே அழுகும், வரத்து குறையும், விலை ஏறும். 2021 நவம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது யாருக்கும் மறந்திருக்காது. அதே தக்காளி மலிந்து கிடக்கும் வாரங்களில் திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் கூடையோடு தள்ளிவிடுவார்கள். அப்போது வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. நான் பாட்டில் கட்சி, என் நாத்தனார் ஃப்ரீசர் கட்சி.

ஜூஸ் எடுக்கும் வரை இரண்டு கட்சிக்கும் வேலை ஒன்றுதான். ஒரு லிட்டருக்கு ஒன்றரை கிலோ பழம் பிடிக்கும். பலரும் பச்சையாக மிக்ஸியில் அடித்து வடிகட்டி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தனி, சதை தனி. பழத்தை நறுக்கியதுமே அதிலுள்ள நொதிகள், ஜூஸைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் பெக்டின் என்ற பொருளைச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால் வரும் வினை இது. நாலைந்து பழத்தை நறுக்கிய கையோடு அடுப்பில் மசித்துக் கொதிக்க விடுங்கள். அந்தக் கொதி அடங்காமல் மீதியை நறுக்க நறுக்கப் போடுங்கள். ஐந்து நிமிடம் வெந்ததும் வடிகட்டினால் ஜூஸ் அவ்வளவாகப் பிரியாது. நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம். பெங்களூர் தக்காளி கெட்டியாக வரும், ஆனால் சப்பென்றிருக்கும். நான் பாதிக்குப் பாதி கலப்பேன்.

ருசியை மட்டும் பார்த்தால் ஃப்ரீசர்தான் ஜெயிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆறிய ஜூஸை டப்பாவில் ஊற்றி, உறையும்போது உப்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு மூடினால் வேலை முடிந்தது. எலுமிச்சை வேண்டாம், அண்டா வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதத்துக்கு மேலேயே நன்றாக இருக்கும்.

ஆனால் நம் கடற்கரையில் தக்காளி விலை ஏறும் மாதமும் புயல் மாதமும் ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. நிறைய அடைத்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும். பாதிதான் நிரம்பியிருந்தால் ஒரு நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்கு அந்தக் கணக்கும் கிடையாது. ஃபெஞ்சலில் நாத்தனார் வீட்டில் ஆறு டப்பா ஜூஸ் சாக்கடைக்குப் போனது. "உன் பாட்டிலைக் குடுடி" என்று அவரே போன் செய்தார்.

பாட்டிலில் வேலை அதிகம், அதைவிடக் கவனம் அதிகம். தக்காளி பார்க்கத்தான் புளிப்பு. புளிப்பை அளக்கும் எண்ணான பிஎச் குறையக் குறையப் புளிப்பு கூடும். தக்காளியின் பிஎச் 4.6 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் போகும். 4.6-க்கு மேல் போனால், காற்றில்லாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. 'நாட்டுத் தக்காளி புளிக்குமே' என்று நாக்கை நம்பக் கூடாது. லிட்டருக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை லெமன் சால்ட், கட்டாயம் போட வேண்டும். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து ஊற்றினால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும்.

சூடான பாட்டிலில் சூடான ஜூஸை விளிம்புக்கு அரை அங்குலம் கீழே வரை ஊற்றி, புது மூடி போட்டு, அண்டாவில் பாட்டில் முழுக மேலே ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க வையுங்கள். தண்ணீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து அரை லிட்டர் பாட்டிலுக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 40. இது கடல்மட்டத்து ஊர்களுக்கான கணக்கு. ஊட்டியில் இருக்கும் சித்திக்கு இதையே சொல்லிவிடாதீர்கள், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் இன்னும் நேரம் வேண்டும். அண்டாவின் அடியில் பழைய துண்டைப் போட மறந்ததில் முதல் வருஷம் இரண்டு பாட்டில் விரிசல் விட்டது. சரியாக மூடிக்கொண்ட பாட்டில் ஆறும்போது மூடியின் நடு 'டக்'கென்று உள்வாங்கும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு தனி சுகம்.

பாட்டிலின் எதிரி நம் ஊர் வெயில். பங்குனியில் போட்டுச் சமையலறைப் பரணில் வைத்தால், கார்த்திகைக்குள் நிறம் பழுப்பேறி ருசியும் மங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் விலை இறங்கும் வாரம் கிடைத்தால் அப்போது போடுவதே மேல். வெளிச்சம் படாத கட்டிலடி நல்ல இடம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பொங்கினாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

மாமியார் கட்சி வத்தல். அக்னி நட்சத்திரத்தில் உப்புத் தடவிக் காய வைப்பார். செலவே இல்லை. ஆனால் சாயங்காலக் கடல்காற்றுக்கு நமத்துப் போகும், தினமும் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். ரசத்துக்கு அருமை, குடிக்க ஆகாது. சோடியம் பென்சோயேட் போட்டால் கொதிக்க வைக்கவே வேண்டாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அது பூஞ்சையை, ஈஸ்ட்டைத் தடுக்கும், கொதியின் வேலையைச் செய்யாது.

இந்த வருஷம் அரை லிட்டரில் பன்னிரண்டு பாட்டில். ஐப்பசிக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு ஃப்ரீசரில் மூன்று டப்பா. நாத்தனார் இப்போதே நாலு பாட்டிலுக்குப் பெயர் எழுதி ஒட்டிவிட்டார்.