சிஆர்எம்மை நேரே கேட்பதா, நகல் வைத்துக்கொள்வதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரிக்கு வெப் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். வெளியூர் நகைக்கடைக்காரர்கள் அதில் நுழைந்து, தங்கள் ஆர்டர் பட்டறையில் இருக்கிறதா, பாலிஷுக்குப் போய்விட்டதா, பார்சல் கிளம்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். விவரம் அத்தனையும் இருப்பது வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை வைக்கும் மென்பொருளான ஸோஹோ சிஆர்எம்மில். வியாபாரியின் விற்பனைப் பிரதிநிதிகளான ரெப்கள் போனிலேயே நிலையை மாற்றுகிறார்கள். அது கையோடு கடைக்காரர் திரையில் தெரிய வேண்டும்.

ராத்திரி ஒருமுறை விவரத்தைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றுவது இதற்கு ஆகாது. காலையில் பட்டறை திறந்ததுமே அது பழசாகிவிடும். புரோகிராம் எழுதாமல் இணைத்துத் தரும் இடைச்சேவைகள் சின்ன வியாபாரத்துக்குச் சரி. மாற்றங்கள் கூடக் கூட பில்லும் ஏறும். மிச்சம் இரண்டு. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் விவரம் கேட்கும் வாசல்) வழியே சிஆர்எம்மை நேரே கேட்பது ஒன்று. நம் டேட்டாபேஸிலேயே நகல் வைத்து, அங்கே மாறுவதை இங்கேயும் மாற்றிக்கொண்டே வருவது இன்னொன்று. நாங்கள் எடுத்தது நகல். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

நேரே கேட்பதை எழுதி முடிப்பது சுலபம். திரையில் வருவது எப்போதும் புதுசு. உள்ளே நுழையச் சாவி போன்ற டோக்கனை மட்டும் ஒழுங்காகக் கையாள வேண்டும். ஸோஹோவின் அக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும். பிறகு ரெஃப்ரெஷ் டோக்கனைக் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். இரண்டும் சர்வரிலேயே இருக்கட்டும், பிரவுசர் பக்கமே போகக்கூடாது. ஆனால் ஏபிஐ அழைப்புகளுக்கு 24 மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கிரெடிட் உண்டு. தீபாவளி நெருங்கும்போது கடைக்காரர்கள் எத்தனை முறை பக்கத்தைத் திறப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. கிரெடிட் தீர்ந்தால் நம் ஆப் மட்டுமல்ல, அதே கணக்கோடு இணைத்த மற்ற வேலைகளும் நிற்கும். நகல் வைத்தால் செலவாகும் கிரெடிட், பார்ப்பவர் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, மாறும் ஆர்டர் எண்ணிக்கையைப் பொறுத்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பராமரிப்பு. "நகல் என்றால் என்றைக்காவது அசலிலிருந்து பிசகும், அதை யார் பார்த்துக்கொண்டிருப்பது?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிசகுவது நிச்சயம், தானாகவே சரியாகிவிடும்படி முதலிலேயே கட்டிவிட வேண்டும்.

சிஆர்எம்மில் ஏதாவது மாறியதும் அது நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்திதான் வெப்ஹுக். அதை அழைப்பு மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது கொண்டுவரும் விவரத்தை அப்படியே எழுதாதீர்கள். ஐடியை மட்டும் எடுத்து, அந்த ரெக்கார்டை ஏபிஐயில் கேட்டு வாங்குங்கள். ஒரே மணி இரண்டு முறை அடித்தாலும், முன்பின்னாக வந்தாலும் கெடுதல் இல்லை. நம்மிடம் இருப்பதைவிடத் திருத்த நேரம் (ரெக்கார்டைக் கடைசியாக மாற்றிய நேரம்) புதிதாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். மணி அடிக்காமலே போவதும் உண்டு. நம் சர்வர் அந்த நேரம் படுத்திருந்தால் போதும். அதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு திருத்தப்பட்டவை எவை என்று கேட்கும் வேலை ஒன்று ஓட வேண்டும். கேட்கும் நேரத்தைக் கொஞ்சம் பின்தள்ளிக் கேளுங்கள். ஓரத்தில் நிற்பவை விடுபடாது. ஸோஹோ ஒரு பக்கத்துக்கு 200 ரெக்கார்டு வரை தரும் என்பதால் இது பெரிய செலவில்லை.

இதிலும் நழுவுபவை இரண்டு. அழித்த ரெக்கார்டு திருத்தப்பட்டவை பட்டியலில் வராது. ஒரே கடையை இரண்டு ரெப்கள் இரண்டு பெயரில் ஏற்றி, பிறகு ஒன்றாக்கினால் அதில் ஒன்று மறைந்துவிடும், நகலில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அழித்தவற்றைக் கேட்கத் தனி ஏபிஐ இருக்கிறது, அதையும் ஓட்ட வேண்டும். அடுத்தது, கடையின் பெயர் மாறினால் அந்தக் கடையின் ஆர்டர்களுக்குத் திருத்த நேரம் மாறாது. ஆகவே ஆர்டரோடு கடைப் பெயரைச் சேர்த்து வைக்காமல், ஐடியை மட்டும் வைத்துக் காட்டும்போது இணையுங்கள். இவ்வளவும் செய்துவிட்டால் கைவைக்க வேண்டிய தேவை அபூர்வம். நேரே கேட்கும் முறையிலோ சிஆர்எம் பக்கம் ஒரு தடங்கல் வந்தாலே கடைக்காரர் திரை வெறுமையாகிவிடும், போன் வியாபாரிக்குத்தான் போகும். நகலில் கடைசியாகத் தெரிந்த நிலையும், அது எத்தனை மணி நிலவரம் என்பதும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் நகல் போதாது. ஏற்காட்டில் கோடை விழா சமயம் காட்டேஜ் பதிவு செய்யும் ஆப் என்றால், பட்டியலை நகலிலிருந்து காட்டலாம். அறையை உறுதி செய்யும் நொடியில் அசலைத்தான் கேட்க வேண்டும். கடைசி அறையை இருவருக்குக் கொடுத்துவிட முடியாது.

பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் இன்னொரு சிஆர்எம்மான சேல்ஸ்ஃபோர்ஸில் மாற்றங்களை 3 நாள் வரை வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தரும் வசதி உண்டு. சின்னச் சோதனை அளவில்தான் தொட்டிருக்கிறேன், அதனால் பெரிய நிறுவனங்களுக்கு இதே தீர்ப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நகல் எடுக்கும்போது எந்தெந்த ஃபீல்டு என்பதை வியாபாரியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. இன்னொரு இடத்தில் வைக்கும் ஒவ்வொரு போன் நம்பருக்கும் பொறுப்பு உண்டு. ரெப்கள் எழுதும் பாக்கிக் குறிப்புகளையும் வீட்டு முகவரியையும் நாங்கள் எடுக்கவே இல்லை. திரையில் காட்டாத எதுவும் நகலில் கிடையாது.